கிளாரினெட்டின் இரு மரபுகள்

துளைக்கருவி இசைப்போனின் தகுதியை ஆராய்வது தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையே குழலாசிரியனின் இலக்கணத்தை வகுத்துரைக்கிறது. அவ்வழியில், பாலசமுத்திரம், பழனி வட்டாரத் திருமண ஊர்வலங்களில் பாண்டு வாத்தியத்தோடு நாம் கேட்டுப் பழகிய கிளாரினெட்டை ஈண்டு எண்ணிப் பார்ப்போம். தெருவில் கேட்ட காரணத்தாலேயே அதனைக் கச்சேரிக் கருவியாக ஏற்கத் தயங்குவோர் நம்மிடையே உளர்.

ஏறத்தாழ 1700இல் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் டென்னர் என்பார் உருவாக்கிய கருவி இது. 19ஆம் நூற்றாண்டில் மகாதேவ நட்டுவனார் இதனைச் சதிர்க் குழுவிற்குக் கொணர்ந்தார் என்பர். முகவீணை இருந்த இடம் இதற்காயிற்று.

மேனாட்டுக் கலைஞரை ஒப்பிட, மொசார்ட் 1791இல் இயற்றிய கிளாரினெட் கான்செர்ட்டோவின் ஒலிப்பதிவுகளே போதும். ஆங்கிலேயரான ரெஜினால்ட் கெல் ஊதுகையில் நெடுஞ்சுரங்கள் மனிதக் குரல்போல் மெல்ல அதிர்கின்றன. 1959 முதல் 1993 வரை பெர்லின் பில்ஹார்மோனிக் குழுவில் விளங்கிய கார்ல் லைஸ்டரோ சுரத்தை அசையாது நிறுத்துகிறார். அத்தூய்மை வியக்கத்தக்கதே, எனினும் கெல்லின் குழைவே நம் செவிக்கு அண்மையது.

ஆனால் அவ்வதிர்வு கமகம் ஆகாது. அங்குச் சுரம் நின்ற இடத்திலேயே நடுங்குகிறது. கமகத்திலோ அண்டைச் சுரத்தைத் தொட்டு மீள்கிறது. காந்தாரம் அசையாது நின்றால் தோடி ஏது?

இக்கருவியில் அது எளிதன்று. நாகசுரத்தில் காற்றை அழுத்தி ஊதினால் அதே விரலடைப்பில் மேல்தாயிச் சுரம் பிறக்கும். கிளாரினெட்டின் உள்துளை நெடுகிலும் ஒரே அகலமுடையது. ஆதலின் அடிச் சட்சம் பேசும் அடைப்பில் மேலே எழுவது அடுத்த தாயிப் பஞ்சமம். ஒரே பிடியை இரு தாயிகளில் வாசிக்க இருவகை விரலடைப்புப் பயில வேண்டும். சாவிகளோ சுரங்களைத் தனித்தனியே நறுக்கித் தருவன. துளையைப் பாதி திறந்தும், சீவாளியின்மேல் இதழழுத்தத்தை மாற்றியுமே இழைப்பைப் பெறல் கூடும்.

திருச்சி ஏ. கே. சி. நடராஜன் வென்றது இவ்விடத்தில்தான். ஆலத்தூர் வேங்கடேச ஐயரிடம் வாய்ப்பாட்டும், இலுப்பூர் நடேச பிள்ளையிடம் நாகசுரமும் பயின்றவர் அவர். அவர்தம் ஆலாபனைப் பதிவுகளில் நாகசுரத்தின் வீறு உண்டு. சாவியின் ஓசை மறைந்து பாட்டே கேட்கிறது. லைஸ்டரின் அளவுகோலால் அளந்தால் அவ்வொலி சற்றுக் கரகரப்பானது எனலாம்; இராகத்திற்கு அக்கரகரப்பும் வேண்டியதே என்பது நம் கருத்து. சென்னை மியூசிக் அகாதெமி 2008இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருதளித்தது. ஊர்வலக் கருவி என ஒதுக்கப்பட்டது, வாய்ப்பாட்டுக்கும் வீணைக்கும் உரிய அதே மேடையில் அன்று அமர்ந்தது.