சிமெண்டும் சாம்பலும்

கட்டிடம் எழுப்பாத கூட்டுறவுச் சங்கம் இன்று அரிது. நெசவாளர் சங்கத்துக்கு நூல் கிடங்கும் தறிக்கூடமும் வேண்டும். விவசாயிகள் சங்கத்துக்கு மஞ்சளும் நிலக்கடலையும் இருப்பு வைக்கக் கிடங்கும் உலர்களமும் வேண்டும். அங்கத்தினர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பங்குத்தொகை இவற்றிலே போய்ச் சேருகிறது. ஆகவே, நிர்வாகக் குழுவினர் கணக்குப் புத்தகத்தை அறிவதுபோலவே சிமெண்டு மூட்டையையும் அறிந்திருத்தல் நலம்.

பொதுக்குழுக் கூட்டங்களில் அங்கத்தினர்கள் ஒரு கேள்வியை எழுப்பக் கேட்கிறோம். “சிமெண்டிலே சாம்பலைக் கலந்து விற்கிறார்கள், இது கலப்படம் அல்லவா?” என்பதே அக்கேள்வி. பணம் கொடுப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது.

நம் முன்னோர் கண்ட வழி

சிமெண்டு நம் நாட்டுக்கு வருமுன்னர்ச் சுண்ணாம்புச் சாந்தே கட்டிடங்களைத் தாங்கியது. வெறுஞ் சுண்ணாம்பு நீரில் நின்று இறுகாது என்பதை அறிந்த கொத்தர்கள், சுட்ட செங்கல்லைப் பொடித்து அதனுடன் கலந்தனர். சுர்க்கி என்று பெயர் பெற்றது இத்தூளே. 1895-இல் முடிவுற்ற பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த சாந்தினால் கட்டப்பட்டது. இத்தாலியில் பொஸ்ஸுவோலி என்னும் ஊரருகே கிடைத்த எரிமலைச் சாம்பலை ரோமானியர் இவ்வாறே பயன்படுத்தினர். அவ்வூரின் பெயராலேயே இத்தகைய தூள்களுக்குப் பொஸ்ஸோலானா என்ற பெயர் உலகெங்கும் வழங்குகிறது. ஆகவே சாம்பல் கலப்பது நேற்றுத் தோன்றிய தந்திரமன்று.

சாம்பல் செய்யும் வேலை

மதுக்கரை ஆலையைக் கண்டவர்களுக்குச் சிமெண்டு பிறக்கும் விதம் தெரியும். சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சுமார் 1450 பாகை வெப்பத்தில் சுட்டு, கிளிங்கர் எனப்படும் உருண்டைகளாக்கி, ஜிப்சத்துடன் அரைப்பதே சிமெண்டு. இதற்கு எரிபொருள் மிகுதியாகச் செலவாகிறது. சுண்ணாம்புக் கல்லிலிருந்தும் கரியமில வாயு வெளியேறுகிறது. ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ 800 முதல் 900 கிலோ வரை அவ்வாயு காற்றில் கலக்கிறது.

சிமெண்டுடன் நீர் சேர்ந்ததும் இரு பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று, ஜல்லியையும் மணலையும் பிணைக்கும் பசை. மற்றொன்று, வலுவில்லாத சுண்ணாம்பு. இச்சுண்ணாம்பு நாளடைவில் நீரில் கரைந்து வெளியேறவும் கூடும். மேட்டூர் அனல்மின் நிலையம் போன்ற இடங்களில் நிலக்கரித் தூள் எரியும்போது புகையோடு செல்லும் நுண்ணிய சாம்பலைப் பிடித்துச் சேர்க்கிறார்கள். உலர் சாம்பல் எனப்படும் இதிலுள்ள சிலிக்கா, அச்சுண்ணாம்புடன் கூடி அதையும் பசையாக்குகிறது. வீணாகக் கிடந்த பொருள் வேலைக்கு வருகிறது. இரும்பாலையின் ஊதுலைக் கசடும் நன்கு அரைக்கப்பட்டால் இவ்வாறே பயன்படும்.

தூளின் நுண்மையிலும் நன்மையுண்டு. ஒரு படியில் நிலக்கடலையை நிரப்புங்கள். நிரம்பிய பின்னும் இடுக்குகளில் ராகி இறங்கும். ராகிக்குப் பின்னும் மாவு இறங்கும். பாவுக்குக் கஞ்சி போடுவதன் பயனை அறிந்த நெசவாளருக்கு, இடுக்கு நிறைந்தால் உறுதி கூடும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

உயர்வலுக் காங்கிரீட்

சாதாரணத் தளத்துக்குரிய 20-ஆம் தரக் காங்கிரீட், 28 நாளில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ அழுத்தத்தைத் தாங்க வேண்டும். 60-ஆம் தரமோ ஏறத்தாழ 600 கிலோவைத் தாங்க வேண்டும். அவ்வளவு வலு வேண்டுமாயின் சிமெண்டைக் கொட்டிக்கொண்டே போகலாமே என்று எண்ணத் தோன்றும். அது பிழை. சிமெண்டு மிகுந்தால் இறுகும்போது வெப்பமும் மிகும். காய்கையில் சுருக்கமும் மிகும். இரண்டினாலும் வெடிப்பு விழும். இதனாலேயே 2000-ஆம் ஆண்டில் வெளியான இந்தியத் தர விதி 456, சாம்பலும் கசடும் நீங்கலாகச் சிமெண்டு மட்டும் ஒரு கனமீட்டருக்கு 450 கிலோவைத் தாண்டலாகாது என்று பொதுவாக வரையறுத்தது.

ஆகவே உயர்வலுக்கு வழி, நீரைக் குறைத்து நுண்தூளைச் சேர்ப்பதே. நீர் குறைந்தும் கலவை இளகி ஓட அதற்கென ஒரு ரசாயனத் திரவம் சேர்க்கப்படுகிறது. சிலிக்கான் உலோக உலைகளின் புகையிலிருந்து கிடைக்கும் சிலிக்கா நுண்தூள், சிமெண்டுத் துகளைவிட ஏறத்தாழ நூறு மடங்கு சிறியது. நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு சேர்த்தாலே பலன் தெரியும். கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையத்தில் 1994-இல் கட்டுமானத்தின்போது பழுதுற்ற கவிகையை மீண்டும் எழுப்புகையில், இத்தூள் சேர்ந்த 60-ஆம் தரக் காங்கிரீட்டையே கையாண்டனர்.

நம் பக்கத்துக்கு இதனால் என்ன பயன்?

நம் கிடங்குக்கு 60-ஆம் தரம் தேவையில்லை. ஆனால் இடுக்கு அடைபடும் நன்மை நமக்கும் உண்டு. சாயப்பட்டறையின் உப்பு நீரும், நொய்யல் கரையோரத்துக் கிணறுகளின் உவர் நீரும் காங்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துருப்பிடித்த கம்பி பருத்து, மேற்பூச்சை உரித்துத் தள்ளுகிறது. தகுந்த அளவு சாம்பலோ கசடோ சேர்ந்து, நன்கு நீரூட்டப்பட்ட காங்கிரீட்டில் உப்பு எளிதில் நுழையாது. சாயத் தொட்டி கட்டும் சங்கங்கள் இதனைக் கருத வேண்டும்.

எங்கே ஏமாறுகிறோம்?

சாம்பலுக்கு ஒரு குணம் உண்டு; அது மெதுவாக வேலை செய்யும். சிமெண்டு முதலில் சுண்ணாம்பை ஈன்றால்தான் சாம்பலுக்கு வேலை பிறக்கும். அதுவரை ஈரமும் வேண்டும். மேற்சொன்ன விதி, தனிச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாளும் நீரூட்டச் சொல்லுகிறது. வெயிலும் வறட்சியும் மிகுந்த இடத்தில் கலப்புச் சிமெண்டுக்கு 14 நாள் வரை நீட்டிக்கச் சொல்லுகிறது. பங்குனி, சித்திரை மாதங்களில் நம் ஊர்கள் யாவும் அவ்வகையைச் சேர்ந்தவையே.

தணிக்கையின் பொருட்டு நாம் சென்ற ஒரு சங்கத்தில், புதிய கிடங்கின் தளம் ஓராண்டுக்குள் ஒழுகியது. “சாம்பல் சிமெண்டு கெடுத்துவிட்டது” என்று தீர்மானம் எழுதியிருந்தார்கள். செலவுச் சீட்டுகளைப் புரட்டினால், தண்ணீர் லாரிக்கு மூன்று நாளுக்கு மட்டுமே பணம் கொடுக்கப்பட்டிருந்தது. லாரித் தண்ணீரில் மிச்சம் பிடித்தது சில ஆயிரம். தளத்தைச் செப்பனிட ஆனதோ அதைப்போல் பன்மடங்கு. அச்செலவு அவ்வாண்டு அங்கத்தினர்களின் டிவிடெண்டைத் தின்றுவிட்டது.

இதற்கு நேர்மாறான தீமையும் உண்டு. ஆலையில் அளவறிந்து கலந்த சிமெண்டை வாங்கி, அதனுடன் குளத்துச் சாம்பலை வேலையிடத்தில் மண்வெட்டியால் மேலும் கலப்பவர்கள் உளர். நுண்மையும் தூய்மையும் அறியாத சாம்பலை, அளவுமின்றிச் சேர்ப்பதே உண்மையான கலப்படம்.

நிர்வாகக் குழுவினர் கவனத்துக்கு

மூட்டையின் மீது அச்சிட்டதைப் படியுங்கள். இந்தியத் தர விதி 1489-இன்படி சாம்பல் நூற்றுக்கு 15 முதல் 35 வரை இருக்கலாம். அந்த அளவும், தயாரித்த வாரமும் ஆண்டும் மூட்டையிலேயே இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் நீரூட்டும் நாட்களைத் தனி விதியாக எழுதி, அதற்கான தொகையைத் தனியே வைத்து, நாள்தோறும் பதிவேட்டில் குறித்த பின்னரே கொடுங்கள். சென்ட்ரிங் முட்டுகளை அவசரப்பட்டுப் பிரிக்க இசையாதீர்கள். தனிச் சிமெண்டுக்கே நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாளும், அதற்கு மேல் 14 நாளும் வேண்டும். கலப்புச் சிமெண்டுக்கு இன்னும் பொறுக்க வேண்டும். தளம் போடும் நாளில் 15 சென்டிமீட்டர்க் கட்டிகளை வார்த்து, 28-ஆம் நாளில் ஆய்வுக்கூடத்தில் சோதித்து, அந்த முடிவு வந்த பின்னரே இறுதித் தொகையை அளியுங்கள்.

சாம்பல் நமக்குப் பகையன்று, அவசரமே பகை. கூட்டுறவின் பணம் பலருடைய பணம். அதனால் எழும் கட்டிடம் நம் பிள்ளைகளுக்கும் நிழல் தரவேண்டுமாயின், பத்து நாள் தண்ணீருக்கும் சில நாள் பொறுமைக்கும் நாம் கணக்குப் பார்த்தலாகாது.