விடுமுறைத் தங்கல்: அறை வாடகையும் முழுச் செலவும்

பள்ளித் தேர்வுகள் முடியும் தறுவாயில் பெரும்பாலான இல்லங்களில் விடுமுறைப் பேச்சு தொடங்கிவிடும். பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டைக் கேட்பார்கள்: ஒன்று கடற்கரை, மற்றொன்று ராட்டினங்களும் நீர்ச்சறுக்குகளும் நிறைந்த பொழுதுபோக்குப் பூங்கா. பெற்றோர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எவ்வளவு செலவாகும்? இக்கேள்விக்கு விடை தேடிக் கைப்பேசியைத் திறந்தால், ஓர் இரவுக்கு இவ்வளவு ரூபாய் என்ற வரிசைதான் முதலில் கண்ணில் படுகிறது. அவ்வரிசையில் குறைந்த தொகையைத் தேர்ந்தெடுப்பது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் ஊர் திரும்பிக் கணக்குப் பார்க்கும்போது, அறை வாடகை மொத்தச் செலவின் ஒரு பகுதியாக மட்டுமே இருக்கும். வரி, வாடகைக் கார், சிற்றுண்டி, கூடுதல் படுக்கை, இரத்துக் கட்டணம் ஆகிய அனைத்தும் தங்குமிடத்தின் தேர்வோடு பிணைந்தவை. எனவே ஒப்பிட வேண்டியது ஓரிரவு வாடகையை அன்று, குடும்பம் முழுவதற்கும் பயணம் முழுவதற்குமான செலவை.

பலமுறை செல்லும் இடம் எது?

இடத்தைத் தீர்மானிக்க எளிய அளவுகோல் ஒன்று உண்டு. குடும்பம் எந்த இடத்திற்குப் பலமுறை செல்லுமோ, அதன் அருகில் தங்குவதே பொருத்தம். கடற்கரைக்குக் காலையில் ஒருமுறை, வெயில் தாழ்ந்தபின் ஒருமுறை என இருவேளை செல்வோம். மணல் படிந்த உடலோடும் ஈர உடையோடும் திரும்பும் குழந்தைகளுக்கு உடனே குளியலறை வேண்டும். பொழுதுபோக்குப் பூங்காவோ ஒருநாள் வேலை. காலையில் நுழைந்தால் மாலையில்தான் வெளியே வருவோம். ஒருமுறை செல்வதற்கு ஒருமுறை கார் வைத்துக்கொண்டால் போதுமானது.

கொச்சியை எடுத்துக்கொள்வோம். வைப்பின் தீவின் வடபகுதியில் செராய் கடற்கரை உள்ளது. நகருக்குக் கிழக்கே பள்ளிக்கரையில் வொண்டர்லா பூங்கா இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சாலைவழிப் பயணம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். கணவன், மனைவி, 7 வயதிலும் 12 வயதிலும் இரு பிள்ளைகள், பாட்டி என ஐவர் கொண்ட குடும்பம் மூன்று இரவுகள் தங்குவதாகக் கொள்வோம். இரண்டு நாள்கள் கடற்கரை, ஒருநாள் பூங்கா. கீழ்க்காணும் தொகைகள் கணக்கை விளக்குவதற்கான எடுத்துக்காட்டுகளே.

முதல் தேர்வு, நகருக்குள் விடுதி. ஓர் அறையில் மூவருக்கு மேல் அனுமதியில்லை என்பதால் இரண்டு அறைகள். அறை ஒன்றுக்கு இரவுக்கு ரூ.2,000. மூன்று இரவுகளுக்கு ரூ.12,000. 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. ரூ.600. காலைச் சிற்றுண்டி தனி. ஐவருக்கு மூன்று நாள்களில் ரூ.2,250. கடற்கரைக்கு இரண்டு நாள் கார் வாடகை ரூ.5,000. பூங்காவுக்குக் கார் ரூ.1,500. ஆக மொத்தம் ரூ.21,350.

இரண்டாம் தேர்வு, கடற்கரையை அடுத்து இரு படுக்கையறைகள் கொண்ட ஹோம்ஸ்டே. சிற்றுண்டியுடன் இரவுக்கு ரூ.5,000. மூன்று இரவுகளுக்கு ரூ.15,000. வரி ரூ.750. கடலுக்கு நடந்தே செல்லலாம். பூங்கா தொலைவு என்பதால் அன்றைய கார் வாடகை ரூ.3,500. ஆக மொத்தம் ரூ.19,250.

இரவு வாடகையை மட்டும் பார்த்தால் நகர விடுதி நாளொன்றுக்கு ரூ.1,000 மலிவு. முழுக் கணக்கில் அதுவே ரூ.2,100 கூடுதல். அதே குடும்பம் கடற்கரைக்கு ஒருநாள் மட்டும் சென்று, மற்றொரு நாளை நகரிலேயே கழிக்குமானால் நகர விடுதியின் செலவு ரூ.18,850 ஆகக் குறைந்து, தராசு அதன் பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே பயணத் திட்டத்தை முதலில் தாளில் எழுதி, அதன் பின்னரே தங்குமிடத்தைத் தேட வேண்டும்.

ஒடிசாவின் பூரியிலும் இதே நிலைதான். ஜகந்நாதர் கோயிலும் கடலும் பலமுறை செல்லும் இடங்கள். புவனேசுவரம் அருகே 2024-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வொண்டர்லா ஒருநாள் பயணம். இதற்கு விதிவிலக்கும் உண்டு. ஐதராபாத்தை அடுத்த ராமோஜி திரைப்பட நகரம், பெங்களூரு வொண்டர்லா ஆகியவற்றில் வளாகத்திலேயே விடுதி உள்ளது. பூங்காவே பயணத்தின் ஒரே நோக்கமானால், அங்குத் தங்குவது முதியவர்களுக்கு இடையில் அறைக்குச் சென்று ஓய்வெடுக்கும் வசதியைத் தரும்.

வரியில் ஓர் எல்லைக்கோடு

2025 செப்டம்பர் 22 முதல், ஓர் அறைக்கு நாளொன்றுக்கு ரூ.7,500 வரையுள்ள வாடகைக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு. அதற்கு முன் இது 12 விழுக்காடாக இருந்தது. ரூ.7,500-ஐத் தாண்டினால் 18 விழுக்காடு. இந்த எல்லைக்கோட்டின் விளைவைப் பாருங்கள். வாடகை ரூ.7,500 எனில் வரியுடன் ரூ.7,875. வாடகை ரூ.7,600 எனில் வரியுடன் ரூ.8,968. நூறு ரூபாய் வேறுபாடு, செலுத்தும்போது ரூ.1,093 ஆகிவிடுகிறது. பண்டிகைக் காலத்தில் வாடகை நாளுக்கு நாள் மாறுவதால், எல்லையை ஒட்டிய அறைகளைத் தேர்வு செய்வோர் வரியுடன் கூடிய இறுதித் தொகையைக் கேட்டறிவது நன்று. கூடுதல் படுக்கைக்கான கட்டணம் சேர்ந்தபின் வரி விகிதம் மாறுமா என்பதையும் முன்பே கேளுங்கள்.

உணவு விடுதிகளில் சேவைக் கட்டணம் என்று ஒரு தொகை சில சமயம் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. இது அரசின் வரி அன்று. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, விடுதிகளும் உணவகங்களும் இதைத் தாமாகவே பட்டியலில் சேர்க்கக் கூடாது. தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் இந்நெறிகளை உறுதி செய்தது. நீக்கும்படி கேட்டும் நீக்காவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

மலிவான பருவமும் கொந்தளிக்கும் கடலும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை கோவா, கேரளம், கொங்கண் கடற்கரைகளில் அறை வாடகை வெகுவாகக் குறையும். காரணம் தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் அரபிக்கடல் கொந்தளிப்பாக இருப்பதால் கடலில் இறங்க வேண்டாம் என எச்சரிக்கிறார்கள். மழையையும் பசுமையையும் ரசிக்கச் செல்பவருக்கு அது நல்ல பேரம். கடலில் குளிப்பதற்காகப் பிள்ளைகளை அழைத்துச் செல்பவருக்கோ, விலையின் குறைவு கடலின் ஆபத்தைக் காட்டும் அறிகுறி. வங்கக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். அம்மாதங்களில் பூரிக்கோ விசாகப்பட்டினத்துக்கோ முன்பதிவு செய்வோர் இரத்து விதிகளை இருமுறை படிக்க வேண்டும்.

எப்பருவமாயினும், உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் கடற்கரையை ஒட்டிய தங்குமிடமே குடும்பங்களுக்கு ஏற்றது. கோவாவின் கடற்கரைகளில் சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதியே குளிப்பதற்கு உரியது. சிவப்புக் கொடி பறந்தால் இறங்கலாகாது. தூய்மையையும் பாதுகாப்பையும் ஆராய்ந்து வழங்கப்படும் நீலக்கொடிச் சான்றிதழை இந்தியாவில் 2020-இல் முதன்முதலாக 8 கடற்கரைகள் பெற்றன. பூரியின் தங்கக் கடற்கரை, விசாகப்பட்டினத்தின் ருஷிகொண்டா, கேரளத்தின் காப்பாடு ஆகியவை அவற்றுள் அடங்கும். இச்சான்றிதழ் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதால், செல்லும் ஆண்டில் அது நடப்பில் உள்ளதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். தனியார் கடற்கரை என விளம்பரப்படுத்தும் விடுதிகளில், உயிர்காப்பாளர் இருக்கிறாரா, நீச்சல் குளத்தின் ஆழம் என்ன என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

பாட்டிக்கும் பேரனுக்கும் பொருந்த வேண்டும்

பூங்காக்களில் பல விளையாட்டுகளுக்குக் குறைந்தபட்ச உயரம் விதிக்கப்பட்டுள்ளது. சிலவற்றில் நுழைவுக் கட்டணமே குழந்தையின் வயதைப் பொறுத்தன்றி உயரத்தைப் பொறுத்து அமைகிறது. புறப்படுமுன் வீட்டுச் சுவரில் பிள்ளைகளின் உயரத்தை அளந்துகொண்டால், வாயிலில் ஏமாற்றத்தையும் எதிர்பாராத செலவையும் தவிர்க்கலாம். எந்த விளையாட்டிலும் ஏறாத முதியவருக்கும் பெரும்பாலும் நுழைவுச்சீட்டு தேவைப்படும். அவர் அன்று அறையிலேயே ஓய்வெடுக்க விரும்பினால், அங்கு மதிய உணவு கிடைக்குமா என்பதும் தங்குமிடத் தேர்வில் சேரும்.

முதியவர்கள் உடன் வந்தால், தரைத்தளத்தில் அறை அல்லது மின்தூக்கி, மேற்கத்தியக் கழிப்பறை, வழுக்காத குளியலறைத் தளம், அருகில் மருத்துவமனை ஆகிய நான்கையும் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள். விளம்பரப் படங்களில் இவை தென்படுவது அரிது.

இரத்துக் கட்டணத்தின் கணக்கு

ஒரே அறைக்கு இரண்டு விலைகள் காட்டப்படுவது வழக்கம். இரத்து செய்தால் பணம் திரும்பும் விலை ரூ.15,000 என்றும், திரும்பாத விலை ரூ.13,500 என்றும் கொள்வோம். பின்னதில் ரூ.1,500 மிச்சம். ஆயினும் இத்தகைய பத்துப் பயணங்களில் ஒன்றுக்கு மேல் இரத்தாகும் நிலை இருந்தால், முந்தைய விலையே இலாபம். பள்ளி அட்டவணை, அலுவலக விடுப்பு, பெரியவர்களின் உடல்நிலை ஆகியவற்றை எண்ணிப் பார்த்தால், பல குடும்பங்களில் அந்த வாய்ப்பு பத்தில் ஒன்றைவிட அதிகம். பணம் திரும்பும் என்றால் எந்தத் தேதி, எந்த நேரம் வரை என்பதையும் குறித்து வையுங்கள்.

முன்பணம் செலுத்துமுன்

விடுமுறைக் காலங்களில் வங்கிக் கிளைகளுக்கு வரும் வருத்தமான புகார்களுள் ஒன்று, போலித் தங்குமிடத்துக்குச் செலுத்திய முன்பணம். புகழ்பெற்ற விடுதியின் பெயரிலேயே போலி இணையதளம் அமைத்து, உண்மையான படங்களை இட்டு, ஒரு கைப்பேசி எண்ணைத் தருகிறார்கள். வாடகை சந்தை விலையைவிடக் குறைவாக இருக்கும். இன்னும் ஓர் அறைதான் மீதம் என்று அவசரப்படுத்துவார்கள். முழுத் தொகையையும் உடனே யுபிஐ வழியாக அனுப்பச் சொல்வார்கள்.

கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் பணம் பெறுபவரின் பெயர் திரையில் தோன்றும். விடுதியின் பெயருக்கும் அதற்கும் தொடர்பில்லையெனில் அங்கேயே நிறுத்துங்கள். தேடுபொறியில் முதலில் வரும் எண்ணை நம்பாமல், வேறொரு வழியில் விடுதியின் எண்ணைப் பெற்று அழைத்து, முன்பதிவை உறுதி செய்யுங்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி யுபிஐ பின் எண்ணைக் கேட்டால் அது மோசடியே. பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை.

அனுமதியின்றி நடைபெறும் மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பை வரையறுத்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஆணை பிறப்பித்தது. தம் தவறு ஏதுமின்றி மூன்றாம் தரப்பினரால் இழப்பு நேர்ந்து, மூன்று வேலை நாள்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. ஆனால் போலி விடுதிக்கு நீங்களே பின் எண்ணை இட்டு அனுப்பிய தொகை இவ்வகையில் சேராது. ஆகவே, அனுப்புமுன் காட்டும் விழிப்பே முதல் காப்பு. ஏமாந்துவிட்டதாக உணர்ந்தால் அக்கணமே 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் கைமாறிச் செல்லுமுன் கணக்கை முடக்கினால் மீட்பதற்கு வாய்ப்புண்டு. தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் அந்த வாய்ப்பைக் குறைக்கும்.

விடுதியில் அடையாளச் சான்று கேட்கும்போது, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைத் தரலாம். ஆதார் இணையதளத்தில் அதைப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

சேமித்துச் செல்லுங்கள்

பணியாளர்கள் பலர் விடுப்புப் பயணச் சலுகையில் விடுதிச் செலவும் சேரும் எனக் கருதுகின்றனர். வருமான வரி விலக்கு உள்நாட்டுப் பயணக் கட்டணத்துக்கு மட்டுமே. தங்குமிடத்துக்கும் உணவுக்கும் இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தோர்க்கு அவ்விலக்கும் கிடையாது. எனவே தங்கலுக்கான தொகையை நாமே சேர்த்தாக வேண்டும். மாதம் ரூ.3,000 வீதம் ஓராண்டுத் தொடர் வைப்பில் செலுத்தினால் ரூ.36,000 அசலும் அதற்குரிய வட்டியும் விடுமுறைக்குள் கையில் இருக்கும். பயணம் முடிந்த பின்னும் மாதந்தோறும் தவணை கட்டிக்கொண்டிருப்பதைவிட இது மனத்துக்கும் நல்லது.

முன்பணம் செலுத்துமுன் ஏழு வினாக்களுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். நாம் பலமுறை செல்லும் இடம் எது? வரியுடன் மொத்தம் எவ்வளவு? ஓர் அறையில் எத்தனை பேர்? சிற்றுண்டி அடங்குமா? எந்தத் தேதி வரை இரத்து செய்யலாம்? அப்பருவத்தில் கடலில் இறங்க இயலுமா? பணம் யார் பெயருக்குச் செல்கிறது? ஏழுக்கும் தெளிவான விடை கிடைத்தபின் பணத்தை அனுப்புங்கள். விடை கிடைக்காத விடுதியை, வாடகை எவ்வளவு குறைவாயினும், விட்டுவிடுங்கள்.