சிலிகா ஏரியில் ஐப்பசி

சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு ரயிலில் செல்லும் நாம், ஒடிசாவில் ரம்பா, பாலுகாவ் நிலையங்களுக்கிடையே கடல்போல் விரிந்த சிலிகா ஏரியைக் கண்டிருப்போம். மாரிக்காலத்தில் ஆற்று வெள்ளம் புகுவதால் அதன் உவர்ப்புக் குறைகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வடிய, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி மெல்ல உவர்ப்பு மிகுகிறது. ஏரியில் வளர்ந்த மடவை மீன்கள் முட்டையிடக் கடலை நாடுவதும் இப்பருவத்தில்தான். அவற்றின் குஞ்சுகள் பின்னர் அதே வழியாக ஏரிக்குத் திரும்புகின்றன. ஆகவே, அவ்வழியை வலையால் முற்றிலும் அடைப்பது வருங்கால மீனை இன்றே அழிப்பதாகும்.

வழியே தூர்ந்தாலோ? சென்ற நூற்றாண்டின் இறுதியில் அவ்வாறே நேர்ந்தது. மணல் மேடிட்டது, உவர்ப்புக் குன்றியது, நீர்க்களைகள் பெருகின, மீன் அருகி, வலைஞர் குடும்பங்கள் வாடின. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டபின், சில ஆண்டுகளிலேயே மீன்வளம் பன்மடங்கு பெருகிற்று.

எனினும், இதே பருவம் வங்கக் கடலில் புயற்காலமுமாகும். 1999, 2013 ஆகிய ஆண்டுகளின் அக்டோபர்ப் புயல்களை ஒடிசாக் கரை மறவாது. ஏரியில் வலை நிறையும் நாளிலும், வானிலை எச்சரிக்கையைக் கேட்டறியாமல் கடலில் படகு செலுத்தலாகாது. சந்தையில் மீன் வரத்துக் குறைந்த நாளில், கரையில் காத்திருக்கும் அவ்வலைஞரை நாம் நினைவுகூர்வோமாக.