குருத்வாராவுக்குப் போகிறீர்களா? தெரிந்துகொள்ள வேண்டியவை

அமிர்தசரஸ் போகத் திட்டமிடுபவர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "நாங்க சீக்கியர் இல்லையே, பொற்கோயிலுக்குள்ள விடுவாங்களா?"

விடுவார்கள். எந்த மதம், எந்தச் சாதி என்று யாரும் கேட்கமாட்டார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. சிறப்பு தரிசனச் சீட்டும் கிடையாது. ஹர்மந்திர் சாஹிப் என்று பஞ்சாபியர் அழைக்கும் பொற்கோயிலும் ஒரு குருத்வாராதான் (சீக்கியர் வழிபாட்டிடம்). அதற்கு நான்கு பக்கமும் வாசல் உண்டு. எந்தத் திசையிலிருந்து யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதற்காக அப்படிக் கட்டியதாகச் சொல்கிறார்கள்.

சீக்கிய சமயத்தை யார் தொடங்கினார்? குரு நானக். 1469-இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் நன்கானா சாஹிபில் பிறந்தவர். இளமையில் சுல்தான்பூர் லோதியில் அரசுத் தானியக் கிடங்கில் கணக்கு பார்த்தார். பிறகு மர்தானா என்ற முஸ்லிம் இசைக்கலைஞரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். நானக் பாடுவார், மர்தானா ரபாப் (நரம்பிசைக் கருவி) வாசிப்பார். கடைசிக் காலத்தில் கர்தார்பூரில் குடும்பத்தோடு தங்கி, நிலத்தை உழுது வாழ்ந்து, 1539-இல் மறைந்தார்.

அவர் சொன்னது என்ன? கடவுள் ஒருவரே, அவருக்கு உருவம் இல்லை. அவரை நினை, நேர்மையாக உழைத்துச் சாப்பிடு, கிடைத்ததைப் பகிர்ந்துகொள். இதற்காக வீட்டைத் துறந்து காட்டுக்குப் போக வேண்டியதில்லை. நானக்குக்குப் பின் ஒன்பது குருமார் வந்தார்கள். பத்தாவது குரு கோவிந்த் சிங், 1708-இல் மறைவதற்கு முன், இனி மனிதர் யாரும் குரு இல்லை, நூலே குரு என்று அறிவித்துவிட்டார்.

அப்படியானால் உள்ளே சாமி சிலை இருக்காதா? இருக்காது. அந்த நூல்தான் இருக்கும். குரு கிரந்த் சாஹிப் என்று பெயர், 1,430 பக்கம். விதானத்தின் கீழே, பட்டுத் துணி போர்த்திய மேடையில் அது இருக்கும். ஒருவர் பின்னால் நின்று சாமரம் வீசிக்கொண்டிருப்பார். பொற்கோயிலில் இரவு அதைப் பல்லக்கில் தூக்கிப்போய் ஓர் அறையில் ஓய்வுக்கு வைப்பார்கள், விடியுமுன் திரும்பக் கொண்டுவருவார்கள். புத்தகத்தை வணங்குகிறார்களே என்று உங்களுக்குத் தோன்றலாம். அவர்கள் கண்ணுக்கு அது உயிரோடு இருக்கும் குரு. குருவுக்குச் செய்யும் மரியாதையைத்தான் செய்கிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: சீக்கிய குருமாரின் பாடல்கள் மட்டும் அதில் இல்லை. நெசவாளர் கபீர், தோல் தொழிலாளி ரவிதாஸ், மராட்டிய பக்தர் நாமதேவர், சூஃபி ஞானி ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் சம மதிப்போடு இருக்கின்றன. வேற்றுச் சமயத்தவரின் வாக்கைத் தன் மறைநூலிலேயே சேர்த்துக்கொண்ட பெருந்தன்மையை வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாது.

என்ன உடுத்த வேண்டும்? உடம்பை மூடிய எந்த உடையும் சரி. தலையை மட்டும் ஆண், பெண், குழந்தை எல்லோரும் துணியால் மூடியிருக்க வேண்டும். புடவைத் தலைப்போ துப்பட்டாவோ போதும். ஆண்களுக்குப் பெரிய கைக்குட்டை போதும். தொப்பி வேண்டாம். துணி கொண்டுவராதவர்களுக்கு வாசலிலேயே தருவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கழுவிவிட்டுப் போக வேண்டும். சிகரெட், பீடி, புகையிலை, மது எதுவும் பையில்கூட இருக்கக் கூடாது.

மாதவிலக்கு நாளில் பெண்கள் போகலாமா? போகலாம். தீட்டு என்ற எண்ணத்தையே நானக் மறுத்தார். ஆனால் பொற்கோயிலின் உள்ளே கீர்த்தனம் (இசையோடு பாடும் வழிபாடு) பாடுபவர்கள் ஆண்கள்தான். பெண்களுக்கும் அந்த உரிமை வேண்டும் என்று 2019-இல் பஞ்சாப் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. நானக்கின் சொல்லை வைத்துப் பார்த்தால் இது எப்போதோ கிடைத்திருக்க வேண்டிய உரிமை.

கும்பிட்டு எழுந்ததும் கடா பிரசாதம் தருவார்கள். கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றையும் சம அளவில் சேர்த்துக் கிண்டிய அல்வா. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்தி வாங்குங்கள். நெய் கையில் வழியும். அதனால் கொஞ்சம் போதும் என்று சொல்வதில் தவறில்லை. வாங்கிய பின் கீழே போடாதீர்கள்.

அடுத்தது லங்கர் (எல்லோருக்குமான இலவசச் சமையற்கூடம்). நேரம் போதவில்லை என்று இதைத் தவிர்த்துவிட்டு வந்தால் குருத்வாராவைப் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள். பொற்கோயில் லங்கர் இரவும் பகலும் நடக்கிறது; நாளொன்றுக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள். வாசலில் எவர்சில்வர் தட்டும் கிண்ணமும் கரண்டியும் கொடுப்பார்கள். கூடத்தில் நீளமாக விரித்த பாயில் வந்த வரிசைப்படி உட்கார வேண்டும். பருப்பு, காய், பாயசம் எல்லாம் வாளியில் வரும். ரொட்டிக் கூடையோடு வருபவர் உங்கள் முன்னால் நின்றதும் இரண்டு கையையும் நீட்டுங்கள். ரொட்டியைக் கையில்தான் போடுவார், தட்டில் அல்ல. ஒரு கையை நீட்டினால் இன்னொரு கையையும் காட்டச் சொல்வார். கேட்டுக் கேட்டு எத்தனை தடவை வேண்டுமானாலும் வாங்கலாம். மிச்சம் மட்டும் வைக்கக் கூடாது. தரையில் உட்கார முடியாதவர்கள் சேவை செய்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஏன் தரையில்? அந்தக் காலத்தில் மேல்சாதிக்காரர் மற்றவரோடு ஒரே பந்தியில் சாப்பிடமாட்டார். மூன்றாவது குரு அமர்தாஸ் இதை நேராகவே உடைத்தார்: என்னைப் பார்க்க வருபவர் யாராக இருந்தாலும் முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று விதித்தார். பேரரசர் அக்பரும் அப்படி உட்கார்ந்து சாப்பிட்ட பிறகே அவரைச் சந்தித்தார் என்பது சீக்கிய மரபு. எல்லோராலும் சாப்பிட முடிய வேண்டும் என்பதற்காகவே லங்கரில் சைவச் சாப்பாடு. இத்தனைக்குப் பிறகும் பஞ்சாபின் பல கிராமங்களில் சாதிக்கொரு குருத்வாரா இருப்பது வருத்தமான உண்மை. ஆனால் பந்தியில் உங்கள் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி உங்களுக்கு இல்லை. நானக் சொன்ன சமத்துவம் பிரசங்கமாக நின்றுவிடாமல் சாப்பாடாக மாறியது இங்கேதான்.

இடுப்பில் கத்தி வைத்திருக்கிறார்களே, பயப்பட வேண்டுமா? வேண்டாம். அது கிர்பான். 1699-இல் அனந்த்பூரில் குரு கோவிந்த் சிங் கால்சா (தீட்சை பெற்ற சீக்கியரின் சபை) அமைத்தபோது விதித்த ஐந்து அடையாளங்களில் ஒன்று. வெட்டாத முடி, சீப்பு, இரும்புக் காப்பு, அரைக்கால் உள்ளாடை ஆகியவை மற்ற நான்கு. எளியவரைக் காக்கும் கடமையை நினைவூட்டவே கிர்பான். அதை அணியும் உரிமையை நம் அரசியலமைப்பின் 25-வது பிரிவு வெளிப்படையாகவே தருகிறது.

சிங் என்று பெயர் இருந்தால் சீக்கியரா? இல்லை. ராஜபுத்திரர் உட்படப் பலருக்கும் அந்தப் பெயர் உண்டு. கால்சாவில் ஆண்களுக்கு சிங், பெண்களுக்கு கௌர். வணக்கம் சொல்ல நினைத்தால் "சத் ஸ்ரீ அகால்" என்று சொல்லுங்கள், மகிழ்வார்கள்.

இதற்காக அமிர்தசரஸ்தான் போக வேண்டும் என்பதில்லை. சென்னையில் தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையில் ஒரு குருத்வாரா இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கைக்குட்டையோடு குடும்பமாகப் போங்கள். லங்கரில் சாப்பிட்ட பிறகு உடனே கிளம்பிவிடாமல், பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய் அரைமணி நேரம் தட்டுக் கழுவிக் கொடுங்கள். யார் கேட்டாலும் அந்த வேலையை மறுக்காமல் தருவார்கள்.