மாமாவின் மஞ்சள் லென்ஸ்

காலை நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தால் எனக்குப் பேச்சே பிடிக்காது. மைக்கின் முன் மணிக்கணக்காக வாய் ஓயாமல் பேசியவளுக்கு அதன் பிறகு வேண்டியது ஒரு கிளாஸ் தே தாரிக்கும் கொஞ்சம் அமைதியும்தான். ஜோர்ஜ்டவுனில் நம் பெரியவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் லெபோ பாசார் பக்கம் நடந்து, ஐந்தடி நடைபாதையை ஒட்டிய ஒரு மேசையில் உட்கார்ந்துவிடுவேன். ஒன்றரை ஆண்டாக என் பையில் இன்னொரு பொருளும் கூடவே வருகிறது. அது என் தாய்மாமாவின் பழைய லென்ஸ்.

மாமா எழுபதுகளில் பட்டர்வொர்த் பக்கம் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுத்தவர். அவரிடம் இருந்தது பெண்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் கேமரா. அது பழுதாகிப் போய்ப் பல வருடம் ஆகிறது. அதிலிருந்த 50 மில்லிமீட்டர் சூப்பர் டகுமார் லென்ஸ் மட்டும் தோல் உறைக்குள் அலமாரியில் கிடந்தது. "வச்சுக்க. இல்ல, யாராவது கேட்டா வித்துடு" என்று கொடுத்தார்.

ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன். உலகமே தேத்தண்ணி நிறத்தில் தெரிந்தது. அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. படித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தக் காலத்தில் ஒளியை நன்றாக வளைக்கும் கண்ணாடி செய்வதற்காகச் சில லென்ஸ்களில் தோரியம் கலந்தார்கள். தோரியத்துக்கு லேசான கதிரியக்கம் உண்டு. அது பல வருடங்களில் கண்ணாடியை உள்ளிருந்தே மஞ்சளாக்கிவிடுகிறது. பயப்பட வேண்டாம், கேமராவில் மாட்டிப் படம் எடுப்பதால் ஒன்றும் ஆகாது. பிரித்துப் போட்டுத் தேய்ப்பது, உடைப்பது போன்ற வேலைதான் கூடாது.

மாட்டுவது சுலபம். 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள மரை. போத்தல் மூடி மாதிரி முறுக்க வேண்டும். இப்போதைய கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கேமராக்களுக்கு நடுவில் ஒரு அடாப்டர் வளையம் போதும். அதன்பின் எல்லாமே கைவேலை. ஃபோக்கஸ் தானாக நடக்காது. வளையத்தைத் திருப்பித் திருப்பித் தேட வேண்டும். முதல் வாரம் எனக்கு எரிச்சல்தான் வந்தது. நூறு படத்தில் ஐந்து தேறினால் பெரிது.

லெபோ ஆர்மேனியனில் 2012-ல் வரைந்த சைக்கிள் ஓவியத்தின் முன் வரிசையில் நிற்க எனக்குப் பொறுமை இல்லை. என் மேசையில் இருந்ததைத்தான் எடுத்தேன். தே தாரிக் கிளாஸ். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

கண்ணாடியைப் படம் எடுப்பது, கண்ணாடிக்கு வெளிச்சம் அடிக்கும் வேலை அல்ல. வெளிச்சம் அடித்தால் அது வழுக்கிக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது ஒரு வெள்ளைப் புள்ளி. கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. பின்புறம் பளிச்சென்று இருந்தால் கிளாஸின் விளிம்புகள் மை தீட்டியது போல் கறுத்துத் தெரியும். பின்புறம் இருட்டாக இருந்து பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் விளிம்புகள் வெள்ளிக் கம்பி மாதிரி மின்னும். ஸ்டூடியோக்காரர்கள் இதற்கென்று விளக்கும் கறுப்புத் துணியும் வைத்துக்கொண்டு மெனக்கெடுவார்கள். நம் ஐந்தடி நடைபாதையில் இரண்டும் இலவசம். கடைக்குள் உட்கார்ந்து தெருவைப் பார்த்து எடுத்தால் முதல் வகை. எழுந்து தெருப்பக்கம் வந்து, கடையின் இருட்டைப் பார்த்து எடுத்தால் இரண்டாவது வகை. ஒரே கிளாஸ், இரண்டு படம்.

இந்த ஊரில் கண்ணாடியோடு கையைக் கறுப்பாக்கிக்கொண்டவர்களில் நம்மவர்களும் உண்டு. ஜான் தோம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1862-ல் இந்தப் பக்கம் வந்து, பினாங்கிலும் செபராங் பிறையிலும் தங்கிப் படம் எடுத்தார். அவர் கையாண்ட முறையில் பிலிம் இல்லை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமும் எடுத்து, கழுவியும் முடிக்க வேண்டும். நம் வெயிலில் அது என்ன ஓட்டமாக இருந்திருக்கும்! பினாங்கில் தமக்கு உதவியாகப் படம் அச்சிடப் பழக்கிக்கொண்டது மெட்ராஸ்காரர்கள் இருவரை என்று 1875-ல் வெளிவந்த தம் பயண நூலில் அவர் எழுதியிருக்கிறார். விரலைக் கறுப்பாக்கும் அந்தத் திரவத்தைத் தொட வேறு சிலர் தயங்கினார்களாம். ஊடகத் துறையில் பட்டம் வாங்கும்வரை யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

வளையல் கடைக்கு வருகிறேன். அடுக்கடுக்காகக் கண்ணாடி வளையல்கள், அதன் முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதில் தெருவின் நிழல். நான் குனிந்து நிமிர்ந்து பத்து நிமிடம் ஃபோக்கஸ் தேடுவதைப் பார்த்துவிட்டுக் கடைக்கார அம்மா கேட்டார்: "என்னம்மா, வளையல் வாங்கப் போறியா, இல்ல கண்ணாடியைத் துடைக்கச் சொல்றியா?" பேச்சு வளர்ந்தது. வளைகாப்புக்கு இப்போது யார் எத்தனை டஜன் வாங்குகிறார்கள், பக்கத்துக் கடை எப்போது கைமாறியது என்று எல்லாம் சொன்னார். 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது இந்த நகரின் பழைய கடைவீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு முழுதாக நீங்கியது. 2008-ல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரம் என்ற பெயர் வந்தது. சுவர்கள் பிழைத்துக்கொண்டன, சுவருக்குள் இருந்தவர்கள் பலர் இடம் மாறினார்கள். தானாக ஃபோக்கஸ் ஆகும் லென்ஸ் என்றால் ஒரு நொடியில் எடுத்துக்கொண்டு போயிருப்பேன். இந்தக் கதை எதுவும் என் காதில் விழுந்திருக்காது.

(ஒரு சின்ன உதவிக் குறிப்பு: கண்ணாடிப் பெட்டியின் நேர் எதிரே நிற்காதீர்கள். சற்றுச் சாய்வாக நின்று, கேமராவின் முன்னால் போலரைசர் வடிகட்டியைத் திருப்பினால் நிழல் பெரும்பாலும் மறையும். ஆனால் சில நேரம் அந்த நிழல்தான் படமே.)

இதற்கு லெபோ பாசார்தான் போக வேண்டும் என்று இல்லை. முதல் உலகப் போரில் வலது கையை இழந்த யோசப் சுடெக் என்ற செக் கலைஞர், 1940 முதல் பல ஆண்டுகள் பிராக் நகரில் தம் ஸ்டூடியோ ஜன்னலையே எடுத்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்து அவர் எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றவை. உங்கள் சமையலறை ஜன்னலும் ஊறுகாய் போத்தலும் போதும்.

இனி ஒரு கவலை. மாமாவின் லென்ஸில் மஞ்சளோடு இன்னொன்றும் இருந்தது. ஓரத்தில் சிலந்தி நூல் போல ஒரு பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில் இதுதான் பழைய லென்ஸின் எமன். தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுக்கிறது. நாளானால் லென்ஸின் மேற்பூச்சையே அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தடம் போகாது. உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ வைத்த கேமரா உறையோடு கிடந்தால் இன்றே வெளியே எடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலம், ஈரப்பதம் காட்டும் ஒரு சிறு மீட்டர். முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நின்றால் போதும். பொட்டலங்களை அவ்வப்போது மாற்ற மறந்துவிடாதீர்கள். நான் மறந்திருக்கிறேன்.

மஞ்சளை என்ன செய்வது என்று ரொம்ப நாள் யோசித்தேன். அந்த நிறம் தே தாரிக்குக்கு அழகாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை படங்களை மாமாவிடம் காட்டினேன். கைப்பேசியை மூக்குவரை கொண்டுபோய்ப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை. "இப்ப எனக்கு எல்லாமே இந்தக் கலர்லதான் தெரியுது" என்றார். பிறகு, "நான் எடுத்தப்ப அது வெள்ளையா இருந்துச்சு. வெயில்ல வை" என்றார்.

வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் அந்த மஞ்சளைக் குறைக்கும். லென்ஸின் அடியில் அலுமினியத் தாளை வைத்து மாமா வீட்டு ஜன்னல் கட்டையில் வைத்தோம். திரைச்சீலையை முதலில் கழற்றினோம். லென்ஸ் வழியே வெயில் குவிந்தால் துணி பற்றிக்கொள்ளும். தினமும் அதைத் திருப்பி வைக்கும் பொறுப்பை மாமாவே ஏற்றுக்கொண்டார். இடையில் அவருடைய வலது கண்ணுக்கு அறுவைச் சிகிச்சையும் நடந்தது.

மூன்றாவது வாரம் போனேன். லென்ஸில் மஞ்சள் பாதிக்கு மேல் போயிருந்தது. மாமா கண்கட்டு இல்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். "அந்த தே தாரிக் படத்தை எடு" என்றார். கைப்பேசியைக் கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"கிளாஸ் விளிம்புல உடைஞ்சிருக்கே, இதுலயா குடிச்ச?"