எட்டு விநாடி எண்ணும் ஆசிரியர்

கோல் காவலர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை விநாடி நிற்கலாம்? வீட்டில் பிரிமியர் லீக் பார்க்கும் பதினைந்து வயதுப் பையனைக் கேளுங்கள், பட்டென்று சொல்வான்: எட்டு. அதற்கு மேல் போனால் எதிரணிக்குக் கார்னர் கிக். 2025 ஜூலைக்கு முன் கேட்டிருந்தால் பதில் ஆறு. தண்டனையும் வேறு: பெனால்டி பெட்டிக்குள் மறைமுக ஃப்ரீ கிக்.

விதிகளை மாற்றுவது 1886 முதல் இயங்கும் அனைத்துலகக் காற்பந்துச் சங்க வாரியம். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1-இல் புதிய விதிகள் நடப்புக்கு வரும். ஐரோப்பியக் குழுக்களுக்கு அது ஓய்வுக் காலம். நம் பள்ளிகளுக்கோ ஆண்டின் நடுப்பகுதி. தொடங்கிவிட்ட போட்டியைப் பழைய விதியிலேயே முடிக்கவும் அனுமதி உண்டு. ஆகவே ஒரே நடுவர் இந்த வாரம் பழைய விதியிலும், அடுத்த வாரம் வேறொரு போட்டியில் புதிய விதியிலும் விசில் ஊத நேரலாம்.

அந்த நடுவர் யார்? பல பள்ளி ஆட்டங்களில், காலையில் கணிதமோ வரலாறோ நடத்திவிட்டு, புறப்பாட நடவடிக்கைக்காக மாலையில் திடலுக்கு வரும் ஆசிரியர்தான்.

எட்டில் கடைசி ஐந்து விநாடிகளை நடுவர் கையை உயர்த்தி விரல்களால் காட்ட வேண்டும். தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டத்தில் அவருக்கு இரண்டு உதவி நடுவர்கள், நான்காம் நடுவர், காதில் கருவி, போதாததற்கு விஏஆர். பள்ளித் திடலில் கோட்டோரம் கொடி பிடிப்பவன் சில சமயம் மாற்று ஆட்டக்காரன்! ஆசிரியர் விரல் மடக்கிக்கொண்டிருக்கும்போது, அவர் முதுகுக்குப் பின்னால் யார் யாருடைய சட்டையை இழுக்கிறான் என்று யார் பார்ப்பது?

ஆனாலும் இந்த மாற்றம் பள்ளி நடுவருக்கு நல்லதுதான் என்பேன். ஆறு விநாடி விதி ஏட்டில்தான் இருந்தது. கோலுக்குச் சில அடி முன்னால் ஃப்ரீ கிக் கொடுத்தால், மொத்த அணியும் கோல் கோட்டில் சுவராக நிற்கும், தள்ளுமுள்ளு வரும். அதற்குப் பயந்தே பலர் கண்டும் காணாமல் விட்டார்கள். கார்னர் கிக் சிறிய தண்டனை, கொடுக்கத் துணிவு வரும்.

உண்மையான தலைவலி, கையில் பந்து படும் விதி. தாக்கும் அணியினர் கையில் தற்செயலாகப் பட்டுக் கோல் விழுந்தாலும், கோல் வாய்ப்பு உருவானாலும் தவறு என்றார்கள் 2019-இல். கை எங்கே தொடங்குகிறது என்று அக்குளின் அடிப்பகுதியை எல்லையாக வைத்தார்கள் 2020-இல். அடுத்த ஆண்டே, ஒருவர் கையில் தற்செயலாகப் பட்ட பந்தைச் சக ஆட்டக்காரர் கோலாக்கினால் தவறில்லை என்று மாற்றினார்கள். மெதுவாக ஓட்டிப் பத்து முறை பார்ப்பவர்களுக்கே இதில் குழப்பம். திடலில் நிற்பவருக்குக் கிடைப்பது ஒரே பார்வை. வேலியோரம் நிற்கும் அப்பாக்களில் சிலர் இன்னும் 2019-இலேயே இருப்பார்கள். சரியாக ஊதினாலும் திட்டு விழும்.

மஞ்சள், சிவப்பு அட்டைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை 1970 உலகக் கிண்ணத்தில் அறிமுகமாயின. சாலை விளக்கைப் பார்த்து அந்த யோசனையைச் சொன்ன கென் ஆஸ்டன், இங்கிலாந்தில் பள்ளித் தலைமையாசிரியர். பிள்ளைகளுக்கு எது புரியும் என்று அவருக்குத் தெரியாதா என்ன!

2025-இல் இன்னொரு வழிமுறையும் வந்தது: நடுவரை நெருங்கிப் பேச அணித்தலைவருக்கு மட்டுமே அனுமதி. கட்டாயமில்லை, ஏற்பாட்டாளர்கள் விரும்பினால் நடைமுறைப்படுத்தலாம். நம் பள்ளிகள் இதை உடனே எடுத்துக்கொள்ள வேண்டும். “சிக்கு! சிக்கு!” என்று பத்துப் பேர் சூழ்ந்து கத்தும்போது எந்த ஆசிரியராலும் நிதானமாக விதியை விளக்க முடியாது.

எந்த ஆண்டு விதி, எது தளர்த்தப்பட்டிருக்கிறது என்று ஆட்டத்துக்கு முன்பே இரு அணித்தலைவர்களிடமும் சொல்லிவிட இரண்டு நிமிடம் போதும். அதை வேலியோரம் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னால் இன்னும் நல்லது.