ஏழு கிராம் ஈபிள் கோபுரம்

பாரிஸின் ஈபிள் கோபுரம் 330 மீட்டர் உயரம். அதை 1:1000 அளவில் செய்தால்? மாதிரியின் உயரம் ÷ 330 = 1 ÷ 1000. விடை 0.33 மீட்டர், அதாவது 33 சென்டிமீட்டர். முதல் தளம் 57 மீட்டரில் இருக்கிறது, மாதிரியில் 5.7 சென்டிமீட்டர். தலைகீழாகவும் போடலாம்: கடையில் வாங்கிய பொம்மை 22 சென்டிமீட்டர் என்றால், 330 மீட்டர் என்பது 33,000 சென்டிமீட்டர்; 33,000 ÷ 22 = 1500. அளவு 1:1500. இதுவரை எளிது.

எடையில்தான் பலரும் வழுக்குகிறார்கள். கோபுரத்தின் இரும்பு சுமார் 7,300 டன். ஆயிரத்தால் வகுத்து 7.3 டன் என்றால், மேசை தாங்குமா? நீளம், அகலம், தடிமன் மூன்றுமே ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்குகின்றன. எனவே எடையை 1000 × 1000 × 1000, அதாவது நூறு கோடியால் வகுக்க வேண்டும். கிடைப்பது 7.3 கிராம்!

கடைப் பொம்மை ஏன் அதைவிடக் கனம்? கோபுரத்தின் 10 மில்லிமீட்டர் தகடு மாதிரியில் 0.01 மில்லிமீட்டராக வேண்டும், தலைமுடியைவிட மெல்லியது. யார் செய்வார்கள்? தடிமனாக வார்த்துவிடுகிறார்கள்.